டேப்லாய்டு: மாத்திரையின் பெயர் பத்திரிகைக்கு எப்படி வந்தது?

இளவேனில்:

எல்லோருக்கும் வணக்கம். இதழியல் முதலாண்டு படிக்கிறேன். டேப்லாய்டு என்றால் என்ன என்று வகுப்பில் ஒரு விவாதம் தொடங்கி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் "பெரிய நாளிதழில் பாதி அளவு உள்ள பத்திரிகை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆனால் நடைமுறையில் யாராவது ஒரு பத்திரிகையை டேப்லாய்டு என்று சொன்னால் அது திட்டுவதற்காகத்தான், தாளின் அளவைச் சொல்வதற்காக இல்லை. நடிகர்களின் அந்தரங்கம், கொலை, கள்ளக்காதல், பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்து, இதெல்லாம் இருந்தால் டேப்லாய்டு. அப்படியானால் லண்டன் கார்டியன் மாதிரி கனமான நாளிதழ்கூட இப்போது டேப்லாய்டு அளவில்தான் அச்சாகிறது என்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்கு நடுவில் வகுப்புத் தோழி ஒருத்தி, இது முதலில் ஒரு மாத்திரையின் பெயர் என்று சொன்னாள், யாரும் நம்பவில்லை. டேப்லெட், டேப்லாய்டு என்று காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறது என்பது சரி, ஆனால் மருந்துக் கடைக்கும் பத்திரிகை ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், மஞ்சள் பத்திரிகையும் டேப்லாய்டும் ஒன்றா வேறா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் முழுக்கப் படிப்பேன்.

குப்பிமருந்து:

உங்கள் தோழி சொன்னது முழுக்க உண்மை. நான் மருந்தாளுநர், பத்திரிகைப் பக்கத்தை இங்கே மற்றவர்கள் சொல்வார்கள், மருந்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். இது என் தொழிலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

19ஆம் நூற்றாண்டில் மருந்து வாங்குவது இன்றைக்கு மாதிரி இல்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், கடையில் இருப்பவர் அதைப் பார்த்துத் தூளை நிறுத்துப் பொட்டலம் கட்டுவார், அல்லது பிசினோ வேறு ஏதாவதோ சேர்த்துப் பிசைந்து கையால் உருட்டிக் கொடுப்பார், அல்லது குப்பியில் கலவை மருந்து. உருட்டுகிறவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து ஒரு உருண்டையில் மருந்து கூடும், அடுத்ததில் குறையும். சில உருண்டைகள் காய்ந்து இறுகி வயிற்றில் கரையாமலே போய்விடும். மார்ஃபின், ஸ்ட்ரிக்னின் மாதிரி சரக்கில் இந்தக் கூடுதல் குறைச்சல் உயிரோடு விளையாடுகிற விஷயம். தூளை இயந்திர அச்சில் போட்டு அழுத்தி, ஒரே எடை ஒரே வடிவில் எடுக்கும் முறைக்கு 1843ல் வில்லியம் பிராக்டன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். அந்த ஒரே காப்புரிமையில் மாத்திரையோடு பென்சிலுக்கான கிராஃபைட் தூளை அழுத்துவதும் சேர்ந்திருந்தது. ஆனால் அதைப் பெரிய வியாபாரமாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள், குறிப்பாக பிலடெல்பியாவில் இருந்த ஜான் வையத் நிறுவனம்.

அந்த வையத் நிறுவனத்தின் சரக்கை விற்க லண்டனுக்கு வந்தவர் சைலஸ் பரோஸ். 1880ல் ஹென்றி வெல்கம் என்ற இன்னொரு அமெரிக்கரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பரோஸ் வெல்கம் கம்பெனியைத் தொடங்கினார். இருவருமே மருந்தாளுநர்கள். சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் 'அழுத்தப்பட்ட மாத்திரை' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே, அதற்குத் தனி உரிமை கேட்க முடியாது. அதனால் வெல்கம் ஒரு புதுச் சொல்லைக் கட்டினார். டேப்லெட்டின் முதல் பாதி, அதோடு ஆல்கலாய்டு மாதிரி வேதியியல் பெயர்களில் வருகிற 'ஆய்டு' என்ற வால். அந்த வால் கிரேக்கத்திலிருந்து வந்தது, 'அதன் வடிவில் உள்ளது', 'அதைப் போன்றது' என்று பொருள். 1884 மார்ச் 14 அன்று டேப்லாய்டு என்பதை வணிகக் குறியாகப் பதிவு செய்தார்கள். ஆக இந்தச் சொல்லுக்குப் பிறந்த தேதியே உண்டு, இவ்வளவு துல்லியமாகச் சொல்லக்கூடிய சொற்கள் எந்த மொழியிலும் குறைவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். டேப்லாய்டு என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. குவினைன் டேப்லாய்டு, சோடாமின்ட் டேப்லாய்டு என்று அந்தக் கம்பெனியின் அழுத்திய சரக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான முத்திரை. பிறகு மாத்திரையோடும் நிற்கவில்லை. டேப்லாய்டு தேயிலை இருந்தது, போட்டோ கழுவும் ரசாயனங்கள் டேப்லாய்டாக வந்தன, முதலுதவிப் பெட்டிக்கும் அதே பெயர். வெல்கம் விளம்பரத்தில் பெரிய கெட்டிக்காரர். ஆப்பிரிக்காவுக்குப் போன ஸ்டான்லிக்கு மருந்துப் பெட்டி தயாரித்துக் கொடுத்தார், தென்துருவத்துக்குப் போன ஸ்காட் குழுவுக்கும் கொடுத்தார். குறுகின இடத்தில் ஒரு மருத்துவமனைக்கு வேண்டிய மருந்தை அடைக்கலாம் என்பதுதான் அந்தப் பெட்டிகளின் பெருமை. அந்த விளம்பரங்களால் 1890களிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதையாவது சுருக்கி, சின்னதாக்கி, ஆனால் சத்து குறையாமல் கொடுத்தால் அதை டேப்லாய்டு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெல்கமுக்கு இது பிடிக்கவே இல்லை. தன் சொல் பொதுச்சொல் ஆகிவிட்டால் வணிகக் குறி போய்விடும் இல்லையா, அதனால் வழக்கு மேல் வழக்கு.

அதில் முக்கியமானது தாம்சன் அண்ட் கேப்பர் என்ற மருந்து வியாபாரிகளோடு நடந்தது. டேப்லாய்டு கேட்டு வந்தவருக்கு வேறு மாத்திரையைக் கொடுத்தார்கள் என்பது புகார். 1903ல் நீதிபதி பைர்ன் சொன்னதன் சாரம் இது: மருந்து வியாபாரத்தில் இந்தச் சொல் பரோஸ் வெல்கமுக்கே சொந்தம். ஆனால் எதையும் சுருக்கிய வடிவில் தருவது என்ற இரண்டாவது பொருளும் இந்தச் சொல்லுக்கு வந்துவிட்டது, கம்பெனியின் வியாபாரத்தில் குறுக்கிடாத வரைக்கும் மக்கள் அப்படிப் பேசலாம். பத்திரிகைக்காரர்கள் அந்த இடைவெளியில்தான் உள்ளே வந்தார்கள், உண்மையில் தீர்ப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்தக் கம்பெனியை மாத்திரையை விட ஹேஸலின் ஸ்னோ வைத்துத்தான் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த முகக் கிரீம் இதே பரோஸ் வெல்கம் சரக்கு.

பழையதாள்:

அருமையாகச் சொன்னீர்கள் ஐயா, அந்த வழக்கு விவரம் எனக்குப் புதிது. நான் மிச்சத்தைத் தொடர்கிறேன்.

இளவேனில், நீங்கள் தேடுகிற ஆள் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த், பின்னால் நார்த்கிளிஃப் பிரபு ஆனவர். 1896ல் லண்டனில் டெய்லி மெயிலைத் தொடங்கி அரைப் பென்னிக்கு விற்றவர். அலுவலகம் போகிறவனுக்கு நேரம் இல்லை, நாடாளுமன்ற உரையை வரி விடாமல் ஆறு பத்தி போட்டால் அவன் படிக்க மாட்டான், விஷயத்தைச் சுருக்கிக் கொடு என்பதுதான் அவர் கொள்கை. 1900 கடைசியில் அவர் அமெரிக்கா போயிருந்தபோது, நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையின் முதலாளி ஜோசப் புலிட்சர் ஒரு நாளைக்கு என் பத்திரிகையை நீங்கள் நடத்திப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டார். புது நூற்றாண்டின் முதல் நாள், 1901 ஜனவரி 1. ஹார்ம்ஸ்வொர்த் அன்றைய வேர்ல்டைப் பாதி அளவுத் தாளில் அடித்தார், செய்திகளைக் குட்டிக் குட்டியாக வெட்டினார், இது நேரத்தை மிச்சப்படுத்துகிற நூற்றாண்டு, என்னுடைய சுருக்கிய அல்லது டேப்லாய்டு இதழியலால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான வேலை நேரம் மிச்சமாகும் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்தார்.

கவனித்தீர்களா, அவர் டேப்லாய்டு என்றது தாளின் அளவை அல்ல, செய்தியை மாத்திரையாக்குவதை. தாளையும் சின்னதாக்கினார், அது உண்மை, ஆனால் அந்தச் சொல்லை அவர் எடுத்தது சுருக்கத்துக்காக. அதில் கொஞ்சமும் இழிவு இல்லை, பெருமையாகவே மார்தட்டிக்கொண்டார். அந்தக் காலத்து வாசகர் காதில் டேப்லாய்டு என்றால் நவீனம், அறிவியல், அளவு பிசகாதது. அந்த ஒரு நாள் இதழ் நன்றாக விற்றது, ஆனால் அடுத்த நாளே வேர்ல்டு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது.

லண்டனுக்குத் திரும்பியவர் 1903 நவம்பரில் டெய்லி மிரரைத் தொடங்கினார். பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் நாளிதழ், ஆசிரியர் மேரி ஹோவர்த். விற்பனை படுத்துவிட்டது. சில மாதங்களுக்குள் ஹாமில்டன் ஃபைஃப் என்பவரை ஆசிரியராகப் போட்டு, அந்தப் பெண்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு, 1904 தொடக்கத்தில் முழுக்க முழுக்கப் படப் பத்திரிகையாக மாற்றினார், அதற்குப் பிறகு விற்பனை எகிறியது. எத்தனையோ வரலாறுகளில் இந்தப் பெண்கள் ஒரு வரிகூடப் பெறுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேலை கொடுத்ததும் பறித்ததும் ஒரே முதலாளி, தோல்விப் பழி மட்டும் அவர்கள் மேல் விழுந்தது.

சின்னத் தாள், நிறையப் படம், சின்ன வாக்கியம் என்ற இந்தக் கலவை அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்பப் போனது 1919ல். ஜோசப் மெடில் பேட்டர்சன் என்பவர் போர்க்காலத்தில் லண்டனில் நார்த்கிளிஃப்பைச் சந்தித்துப் பேசி, மிரர் விற்கிற விதத்தைக் கேட்டறிந்துகொண்டு, அந்த வருடம் ஜூன் 26 அன்று நியூயார்க்கில் இல்லஸ்ட்ரேட்டட் டெய்லி நியூஸ் ஆரம்பித்தார். சுரங்க ரயிலில் ஒரு கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் வைத்துப் படிக்கலாம், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தாள் இடிக்காது. சில வருடங்களிலேயே அமெரிக்காவில் அதிகம் விற்கிற நாளிதழ் அதுதான். இந்த மாதிரிப் பத்திரிகைகளின் அளவுக்கு டேப்லாய்டு என்ற பெயர் ஒட்டி நிலைத்தது இந்தக் காலத்தில்.

இளவேனில்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரே வரியில் முடிந்த விஷயத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒன்று இன்னும் புரியவில்லை. அளவு பிசகாத மருந்து என்று பெருமையாக ஆரம்பித்த சொல் எந்த இடத்தில் கெட்டுப்போனது? யாராவது ஒரு பத்திரிகை செய்த காரியத்தாலா, மெதுவாகத் தேய்ந்ததா?

நியூஸ்டெஸ்க்:

இரண்டும். ஆனால் மேலே இருவரும் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1924ல் நியூயார்க்கில் டெய்லி நியூசுக்குப் போட்டியாகப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் டெய்லி மிரர் வந்தது (லண்டன் மிரர் இல்லை, அதே பெயரில் வேறொன்று), அதே வருடம் பெர்னார் மக்ஃபேடனின் ஈவ்னிங் கிராஃபிக் வந்தது. மூன்றும் ஒரே ஊரில் ஒரே வாசகருக்காக அடித்துக்கொண்டன. கிராஃபிக் என்ன செய்தது தெரியுமா, நீதிமன்றத்துக்குள்ளே படம் எடுக்க முடியவில்லை என்றால் ஆட்களை நடிக்க வைத்துப் படமெடுத்து, அதில் உண்மையான ஆட்களின் முகத்தை வெட்டி ஒட்டிப் போட்டது. அதற்கு காம்போசோகிராஃப் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணை மின்நாற்காலியில் வைத்துக் கொன்றபோது, டாம் ஹோவர்ட் என்ற போட்டோகிராபர் கணுக்காலில் சின்ன கேமராவைக் கட்டி மறைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த நொடியைப் படம் எடுத்தார். மறுநாள் டெய்லி நியூஸ் முதல் பக்கம் முழுக்க அந்தப் படம், மேலே 'செத்தாள்' என்று ஒற்றைச் சொல் தலைப்பு. கூடுதலாக அச்சடித்தும் விற்றுத் தீர்ந்தது. 1920கள் முடிவதற்குள் டேப்லாய்டு என்றால் என்ன என்று நியூயார்க்கில் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், மாத்திரை ஞாபகம் யாருக்கும் வந்திருக்காது.

இப்போது என் மாற்றுக் கருத்து. சுருக்கம் என்பது நல்ல கொள்கை, பின்னால் வந்தவர்கள் அதைக் கெடுத்தார்கள் என்பது போல ஒரு தொனி மேலே இருக்கிறது. நான் செய்தி மேசையில் வேலை செய்கிறவன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. குவினைனை அழுத்தினால் குவினைன் அப்படியே இருக்கும், எடை குறையாது. செய்தியை அழுத்தினால் எதையாவது வெட்டியே ஆக வேண்டும், எது போகிறது என்று பாருங்கள்: இருந்தாலும், எனினும், மறுபக்கம் சொல்வது, இன்னும் உறுதியாகவில்லை. இந்த வார்த்தைகள்தான் முதலில் போகும். மிஞ்சுவது திட்டவட்டமாகச் சொல்கிற வாக்கியம். ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு தலைப்புக்கு மூன்று சொல் என்று வைத்துவிட்டால் அந்த மூன்று சொல்லில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ஆக கேடு ஹார்ம்ஸ்வொர்த்தின் அந்த ஜனவரி 1 இதழிலேயே விதையாக இருந்தது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டு வேண்டுமா, லண்டன் சன் நாளிதழ். 1969ல் ரூபர்ட் மர்டாக் வாங்கி அந்த நவம்பரிலேயே டேப்லாய்டு அளவுக்கு மாற்றினார். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் நெரிசலில் மாட்டி இறந்தார்கள், இறந்தவர் கணக்கு இப்போது 97. நான்காவது நாள் சன் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று அச்சடித்தது. அத்தனையும் பொய். காவல்துறைத் தரப்பிலிருந்து வந்த குற்றச்சாட்டை 'என்கிறார்கள்' என்ற சொல்லை முழுங்கிவிட்டு உண்மை என்று போட்டார்கள். 2012ல் சுதந்திரமான விசாரணைக் குழு அறிக்கை வந்த பிறகு பத்திரிகை மறுபடி மன்னிப்புக் கேட்டது. லிவர்பூலில் இன்றைக்கும் பல கடைகளில் சன் விற்க மாட்டார்கள். இளவேனில், இதழியல் படிக்கிறீர்கள் என்றதால் சொல்கிறேன், இந்த ஒரு முதல் பக்கத்தை எடுத்து வைத்துப் படியுங்கள்.

அப்புறம் நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு. 1843ல் தொடங்கிய ஞாயிறு இதழ். கொலையுண்ட பள்ளிச் சிறுமி மில்லி டவ்லர் காணாமல் போயிருந்தபோது அவள் கைபேசிக்கு வந்த குரல்செய்திகளை இந்தப் பத்திரிகைக்காக ஒட்டுக்கேட்டார்கள் என்று 2011 ஜூலையில் கார்டியன் வெளியிட்டது. ஒரே வாரத்தில், ஜூலை 10 அன்று, கடைசி இதழ் போட்டு இழுத்து மூடினார்கள். பத்திரிகைகளின் நடத்தை பற்றிய நீதிபதி லெவிசன் விசாரணை அதைத் தொடர்ந்து வந்தது.

குப்பிமருந்து:

நண்பரே, வாதம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. இருந்தாலும், எனினும் எல்லாம் இடமில்லாததால் போகிறது என்றால், ஆறு பத்தி அகலத்துக்கு எழுதுகிற பத்திரிகையில் பொய்யே வந்திருக்கக் கூடாதே. சன் அன்றைக்கு 'உண்மை' என்று போட்டது இடப் பற்றாக்குறையால் இல்லை, போட வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்ததால். மில்லி டவ்லர் விஷயத்துக்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது குற்றம். சுருக்குகிறவருக்குப் பொறுப்பு அதிகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிலிலும் அப்படித்தான், கையால் உருட்டிய காலத்தில் தவறு நடந்தால் பத்துப் பேருக்குப் போகும், இயந்திரத்தில் நடந்தால் ஊருக்கே போகும், அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை வைத்திருக்கிறோம். இயந்திரத்தின் மேல் யாரும் பழி போடுவதில்லை.

கெட்ட பொருள் வருவதற்கு முன்னால் இந்தச் சொல் எவ்வளவு நல்ல இடங்களுக்குப் போனது என்பதற்கு இன்னொன்று: 1913ல் சாப்வித் கம்பெனி சின்னதாக ஒரு விமானம் கட்டியது, அதற்கு வைத்த பெயர் டேப்லாய்டு. அடுத்த வருடம் மொனாக்கோவில் நடந்த ஷ்னைடர் கோப்பை விமானப் போட்டியில் ஹோவர்ட் பிக்ஸ்டன் அதன் மிதவை வைத்த வடிவத்தை ஓட்டி ஜெயித்தார்.

பழையதாள்:

நீங்கள் இருவரும் இன்னும் பேசுங்கள், நான் நடுவில் மஞ்சள் பத்திரிகைக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது விட்டுப்போயிற்று.

இரண்டும் ஒன்றில்லை. மஞ்சள் மூத்தது. 1895 வாக்கில் அதே புலிட்சரின் வேர்ல்டில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த சித்திரத் தொடரில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு சேரிப் பையன் வருவான், மஞ்சள் பையன் என்றே பெயர். ஹெர்ஸ்ட் தன் ஜர்னலுக்கு அவுட்கால்டை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்தார், புலிட்சர் வேறு ஓவியரை வைத்துத் தொடரைத் தொடர்ந்தார், இரண்டு பத்திரிகையிலும் மஞ்சள் பையன். இந்த இரண்டும் பரபரப்புக்காக எதையும் எழுதின என்பதால் அந்த மாதிரிப் பத்திரிகைத் தொழிலுக்கே மஞ்சள் என்று பெயர் வந்தது. ஆனால் வேர்ல்டும் ஜர்னலும் பெரிய தாளில் வந்த நாளிதழ்கள். அதாவது பரபரப்பு டேப்லாய்டு பிறப்பதற்கு முன்பே முழு அளவுத் தாளில் செழிப்பாக இருந்தது. இந்த விஷயத்தில் நான் மருந்தாளுநர் ஐயா பக்கம்.

தமிழில் மஞ்சள் பத்திரிகை என்ற சொல் வழக்கில் நன்றாக ஊன்றிவிட்டது, அதைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது லட்சுமிகாந்தன்தான். சினிமா தூது, பிறகு இந்துநேசன் என்று நடத்தி நட்சத்திரங்களின் சொந்த வாழ்க்கையை எழுதியவர், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, மேல்முறையீடு அன்றைய கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலை ஆனார்கள். பாகவதரின் திரை வாழ்க்கை அதற்குப் பிறகு எழவே இல்லை. அதையெல்லாம் யாரும் டேப்லாய்டு என்று சொன்னதில்லை, மஞ்சள் என்றுதான் சொன்னார்கள்.

இந்தியாவில் டேப்லாய்டு என்று எல்லோரும் சொன்னது பம்பாய் பிளிட்ஸை. ஆர்.கே. கரஞ்சியா 1941 பிப்ரவரியில் தொடங்கிய வார இதழ். 1959ல் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் பிளிட்ஸ் வெளிப்படையாக நானாவதி பக்கம் நின்று வாரா வாரம் எழுதியது. ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள், உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, பிறகு மன்னிப்பில் வெளியே வந்தார். ஆனால் இதே பிளிட்ஸ் பெரிய முதலாளிகளின் ஊழலையும் அடித்துத் துவைத்திருக்கிறது, அதற்காகவே வாங்கிப் படித்தவர்களும் இருந்தார்கள். டேப்லாய்டு என்றால் அந்தரங்கம் மட்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சி.பா. ஆதித்தனார் லண்டனில் சட்டம் படித்தவர், டெய்லி மிரர் எப்படி விற்கிறது என்று பார்த்தவர். 1942ல் மதுரையில் தந்தியைத் தொடங்கியபோது அங்கிருந்து எடுத்துக்கொண்டது பெரிய தலைப்பு, குட்டி வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கத் தொடங்கியது இதனால்தான், இது சின்னச் சாதனை இல்லை. தாள் மட்டும் பெரிய தாள்.

அச்சுமை:

அச்சகத்தில் இருக்கிறேன், கார்டியன் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது, அதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு டேப்லாய்டு என்றால் மடிப்பு, வேறொன்றும் இல்லை. பெரிய அளவு நாளிதழ் ஒரு பக்கத்தைக் கிடையாகத் திருப்பினால் அதில் டேப்லாய்டு இரண்டு பக்கம் பக்கத்தில் பக்கமாக உட்காரும். அதே ரோல், அதே மெஷின், கூடுதலாக ஒரு மடிப்பு. பெரிய அளவில் 8 பக்கம் ஓட்டுகிற இடத்தில் டேப்லாய்டு 16 பக்கம் வரும். சுமாராக 43 சென்டிமீட்டர் உயரம், 28 அகலம், ஊருக்கு ஊர், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். நாளிதழோடு வருகிற இணைப்புகளில் பல இந்த அளவுதான், சினிமா இணைப்பும் ஆன்மிக இணைப்பும் ஒரே அளவில் ஓடுகிறது. இதற்கும் பெரிய தாளுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டு, பெர்லினர் என்பார்கள், சுமார் 47க்கு 31. அதற்கு மெஷினே வேறு வேண்டும், அதனால் செலவு அதிகம்.

கார்டியன் 2005ல் பெர்லினர் அளவுக்குப் போனது, புது மெஷின் வாங்கிப் போட்டார்கள். 2018 ஜனவரியில் செலவைக் குறைக்க டேப்லாய்டுக்கு மாறினார்கள், வெளி அச்சகத்தில் கொடுத்து அடிக்கிறார்கள். எழுதுகிற விதத்தில் மாற்றம் எதுவும் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது லண்டன் டைம்ஸ் செய்ததுதான். 2003ல் இண்டிபெண்டென்ட் முதலில் சின்ன அளவுக்கு வந்தது, பின்னாலேயே டைம்சும் வந்து, கொஞ்ச காலம் இரண்டு அளவிலும் அடித்துப் பார்த்து, 2004 நவம்பர் முதல் சின்னது மட்டும் என்று முடிவு செய்தார்கள். டேப்லாய்டு என்ற சொல்லை மட்டும் இரண்டு பத்திரிகையும் தொடவில்லை, காம்பாக்ட் என்று சொல்லிக்கொண்டார்கள். மெஷினில் பார்த்தால் சன்னும் டைம்சும் ஒரே மடிப்பு, இரண்டுக்கும் முதலாளியும் ஒருவரே.

இளவேனில், வகுப்பில் காட்ட வேண்டும் என்றால் ஒரு பெரிய நாளிதழின் நடுத்தாளை உருவி, ஒரு தடவை மடித்துக் கிடையாகத் திருப்பிக் காட்டுங்கள், அளவு எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். மற்ற சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இளவேனில்:

நாளைக்கே மடித்துக் காட்டுகிறேன். சன் முதல் பக்கத்தையும் நானாவதி வழக்கையும் வைத்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன். நியூஸ்டெஸ்க் அண்ணா, 'என்கிறார்கள்' என்ற சொல் விழுந்துபோவது பற்றி நீங்கள் சொன்னதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

நியூஸ்டெஸ்க்:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தாளுநர் ஐயாவின் மறுப்பையும் பக்கத்திலேயே போடுங்கள், முழுசாக, வெட்டாமல்.